பாதிச் சவரம்

அந்த சலூனில் தலையைக் கொடுத்தவர்கள் காதையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். கடைக்காரருக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் அவரைப் 'பிரச்சாரம்' என்று சொன்னால்தான் தெரியும். கண்ணாடிக்குக் கீழே சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில், மூடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பாவை வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வழியில்லாதவர்களுக்காக அது. மீதிச் சில்லறையை அவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார், டப்பாவின் மேல் வைத்துவிடுவார். எடுத்துக்கொள்வதும் உள்ளே தள்ளிவிடுவதும் அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. எடுத்துக்கொண்டு போகிறவர் தெருமுனை திரும்பும் வரை அவருடைய பார்வை அந்த முதுகில் ஊர்ந்துகொண்டே போகும்.

இப்போது ஒரு மாதமாகப் பிரச்சாரம் வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. எதிர்த்தெரு போட்டோக்காரரின் மருமகள் ஆறு மாதக் கர்ப்பத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய ரத்தம் தானாகவே துணுக்குத் துணுக்காக உறைகிற ஏதோ ஒரு வியாதி. உள்ளே இருக்கிற பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, பிறர் தந்த பிளாஸ்மாவைத் தினமும் ஏற்றவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிளாஸ்மா என்றால் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிரச்சாரம் விசாரித்து வந்து விளக்கினார். ரத்தத்தில் சிவப்பைப் பிரித்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் நீர்தான் அது. மெஷினே ரத்தத்தை எடுக்கும், நீரை மட்டும் பைக்கு அனுப்பிவிட்டுச் சிவப்பை உங்கள் கைக்குள்ளேயே திருப்பி விட்டுவிடும். நனைந்த துணியைப் பிழிந்து தண்ணீரை வைத்துக்கொண்டு துணியைத் திருப்பித் தருகிற மாதிரி. போன துணி வீட்டுக்கு வந்துவிடும், தண்ணீரும் ஓரிரண்டு நாளில் உடம்பிலேயே ஊறிவிடும்.

இதையெல்லாம் அவர் சொன்னது கன்னத்தில் நுரையும் தொண்டையில் கத்தியுமாக உட்கார்ந்திருந்தவர்களிடம். பக்கத்துக் கடைத் தையல்காரர் பெஞ்சில் பேப்பர் படித்தபடி ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு ரத்தம் தர்றியான்னு கேட்டா, எவன்யா மாட்டேன்னு சொல்லுவான்?"

"அதுக்குத்தானே இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றார் பிரச்சாரம்.

அவருக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் இருந்தது. அவருடைய ரத்தம் ஏபி வகை. இத்தனை வருஷமாக ரத்தம் கொடுக்கப் போன இடத்திலெல்லாம், உங்கள் ரத்தம் உங்கள் வகைக்காரர்களுக்குத்தான் ஆகும் என்று சிரித்த முகத்தோடு உட்காரவைத்துவிடுவார்கள். பிளாஸ்மா என்று வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது. ஏபிக்காரரின் பிளாஸ்மா எந்த வகைக்காரருக்கும் ஏறுமாம். பிறந்ததிலிருந்து ஓரமாக நின்றவனைக் கல்யாண வீட்டில் முதல் வரிசைக்குக் கூப்பிட்ட மாதிரி அவருக்கு மனசு குளிர்ந்துபோனது.

அவரிடம் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

கடையில் இரண்டு கண்ணாடிகள், எதிரும் புதிருமாக. முடி வெட்டிக்கொள்கிறவர் தன் பிடரியைப் பார்த்துக்கொள்வதற்காக மாட்டியது. அவற்றுக்கு நடுவில் நின்று வேலை செய்கிறவருக்கோ நாள் முழுக்கத் தன் உச்சந்தலைதான் தெரியும், ஒன்றுக்குள் ஒன்றாக, வரிசை வரிசையாக. அந்த உச்சியில் போன வருஷம் ஒரு வட்டம் விழுந்திருந்தது. சலூன்காரன் தலையே காடு அழிந்த மேடாக இருந்தால் எந்த மனுஷன் தலையைக் கொண்டுவந்து நீட்டுவான்? யாருக்கும் தெரியாமல் தூரத்து டாக்டர் ஒருவரிடம் போய் முடி வளர மாத்திரை எழுதி வாங்கிவந்தார். பழைய பிளேடு டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, காலையில் கடையைத் திறந்ததும் ஒன்று போட்டுக்கொள்வார். ஒருநாள் கையும் களவுமாகப் பார்த்துவிட்ட மனைவியிடம் வைட்டமின் என்று சொல்லிவைத்தார். அவளும், சரி, நின்றுகொண்டே வேலை செய்கிற மனுஷனுக்குத் தேவைதானே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரச்சாரம் ஒரு வேன் நிறையத் தன் வாடிக்கைக்காரர்களோடு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போய் இறங்கினார். முதல் ஆளாக அவரே உள்ளே போனார். சின்ன அறை. டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா, மஞ்சள்காமாலை வந்ததுண்டா, சமீபத்தில் பச்சை குத்தினீர்களா. எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே தையல்காரர் ஏதோ சொல்ல, கும்பல் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு தன் உச்சந்தலையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. முடிக்கும் பிளாஸ்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று மனசு ஒரு சமாதானத்தையும் எடுத்து நீட்டியது.

"ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றார்.

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து ஊசியைக் குத்தினார்கள். ஊசி பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லை. மெஷின் சுற்றியது, குழாயில் சிவப்பு ஏறியது, பக்கத்தில் தொங்கிய பையில் இளமஞ்சளாக ஏதோ சொட்ட ஆரம்பித்தது. சற்று நேரத்தில் மெஷின் சத்தம் மாற, சிவப்பு திரும்பி வந்தது. கை வழியாகக் குளிர் ஒன்று தோள் வரை ஏறிற்று. உதடு லேசாகக் குறுகுறுத்தது. அது சகஜம்தான், பயப்படவேண்டாம் என்றார் நர்ஸ். பயமா, எனக்கா, என்று சிரித்தார் பிரச்சாரம்.

அப்போதுதான் தையல்காரர் கேள்வி அறையிலிருந்து தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னாலேயே டாக்டரம்மாவும் வாசல் வரை வந்து சமாதானம் சொன்னார். கோபித்துக்கொள்ளக் கூடாது, முடி வளர்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தி ஒரு மாதம் போனபிறகு தாராளமாக வரலாம் என்றார். ஏன் என்று யாரோ கேட்டார்கள். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அந்த மருந்து பிளாஸ்மாவுல தங்கியிருக்கும். அதைக் கர்ப்பிணிக்கு ஏத்தினா, வயித்துல இருக்கறது ஆண் குழந்தையா இருந்தா அதோட வளர்ச்சியைக் கெடுக்கலாம். வாய்ப்பு ரொம்பக் கம்மிதான். ஆனா கர்ப்பிணி விஷயத்துல நாங்க கம்மின்னு விடறதில்லை."

கும்பல் தையல்காரர்மேல் விழுந்தது. முடி வளர மாத்திரையா, பொண்ணு பார்க்கப் போறியா, அதான் ஜன்னல் ஓரமா நின்னு கிராப்பைத் தடவிக்கிட்டே இருந்தியா என்று ஆளுக்கொரு பேச்சு. தையல்காரர் நெளிந்தபடி நின்றார். யாரோ பிரச்சாரத்தைப் பார்த்து, என்னண்ணே, இதுக்கு உங்க தீர்ப்பு என்ன என்று கேட்டார்கள்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் கையைத் தூக்கி, நானும்தான் என்றால் முடிந்திருக்கும் கதை. இரண்டு பேரையும் சேர்த்துச் சிரித்துவிட்டு, பையைத் தூக்கி ஓரமாகப் போட்டிருப்பார்கள். ஆனால் எல்லா முகமும் அவரையே பார்த்துக் காத்திருந்தது. அவர் வாய், பழக்கதோஷத்தில், தானாகவே திறந்துகொண்டது.

"நான் மாசாமாசம் வெட்டறேன், நீ மாத்திரை போட்டு வளக்கறே. நல்லா வளரட்டும்யா, எனக்குத்தான் வரும்படி."

ரத்த வங்கியே சிரித்தது. தையல்காரரும் சிரித்துவிட்டார். பிரச்சாரத்துக்கு மட்டும் தோளில் நின்ற குளிர் நெஞ்சுக்குள் இறங்கியது. மெஷின் மறுபடியும் எடுக்க ஆரம்பித்தது. மஞ்சள் நீர் பையில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது, விளக்கெண்ணெயை வெயிலில் வைத்த மாதிரி. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிளம்பும்போது நர்ஸ் ஒவ்வொருவர் கையிலும் பழச்சாறும் ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார். அட்டையில் பையின் எண்ணும் ஒரு போன் நம்பரும் இருந்தன. இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருந்தால் வீட்டுக்குப் போய் போன் பண்ணுங்கள், பை எண்ணை மட்டும் சொல்லி வேண்டாம் என்றால் போதும், பேரும் கேட்கமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பிரச்சாரத்துக்கு அவர் தன்னை மட்டும் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றைக்கே போன் பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தார். வீட்டில் மனைவி இருந்தாள். நாளைக்குக் கடையிலிருந்து பண்ணலாம் என்றால், கடையில் பெஞ்ச் நிறைய ஆட்கள். துண்டுகள் காயப்போடுகிற பின்பக்கத்துக்குப் போய் ஒருதரம் நம்பரை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண் குரல், வணக்கம், ரத்த வங்கி என்றது. போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பயம் இரண்டு கட்சியாகப் பிரிந்து உள்ளே சண்டை போட்டது. அந்தப் பை அவளுக்குப் போகும் என்று என்ன நிச்சயம் என்றது ஒன்று. ஏபி எல்லோருக்கும் ஏறுமே, முதலில் அதைத்தானே எடுப்பார்கள் என்றது இன்னொன்று. வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் அவளுக்கு ஒரு பை குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டால்? சொல்லாமல் விட்டு, பிறக்கிற குழந்தையை ஒவ்வொரு நாளும் இந்தத் தெருவில் பார்க்க வேண்டிவந்தால்? போட்டோக்காரர் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் முடி எடுக்க அவரிடம்தானே வருவார்?

மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார். பிளேடு டப்பாவைத் திறக்கவே கை கூசியது. பேச்சு நின்றுபோனது. தகர டப்பாவின் மேல் வைத்த சில்லறையை ஒருவர் எடுத்துக்கொண்டு போனபோதுகூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன, பிரச்சாரம் ஓய்ஞ்சிடுச்சா, எலெக்ஷன் முடிஞ்சுதா என்று கேட்டுப்பார்த்தார்கள். கை வலி என்றார். கண்ணாடிக்குள் கண்ணாடியாக அத்தனை உச்சந்தலைகளும் அவரையே குனிந்து பார்த்தன.

மனைவி, துவைப்பதற்கு முன் சட்டைப்பையைத் துழாவுகிறவள். அட்டையைக் கண்டெடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து கண்ணாடிச் சட்டத்தில் செருகிவிட்டுப் போனாள்.

"ஏங்க, இது ஏதோ முக்கியமான நம்பர் மாதிரி இருக்கு. தண்ணியில போட இருந்தேன்."

அதற்கப்புறம் சவரம் பண்ண நிமிரும்போதெல்லாம் அட்டைதான் எதிரே நின்றது.

போட்டோக்காரர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். பரவாயில்லை, முகம் தெளிஞ்சிருக்கு, நேத்து எழுந்து உட்கார்ந்தா, எல்லாம் உன் புண்ணியம். ஒவ்வொரு நல்ல சேதிக்கும் பிரச்சாரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவார். வியாழக்கிழமை காலையில் போட்டோக்காரர் சவரம் பண்ணிக்கொள்ளவே உள்ளே வந்து உட்கார்ந்தார். தாடியும் மீசையுமாகப் போனால் மருமகள் பயந்துபோகிறாளாம். தையல்காரர் வழக்கம்போல பெஞ்சில் இருந்தார்.

பிரச்சாரம் நுரை பூசி இடக் கன்னத்தை முடித்தார். வலப்பக்கத்துக்குக் கத்தியைக் கொண்டுபோகும்போது போட்டோக்காரர் கண்ணை மூடியபடி சொன்னார்.

"இன்னைக்கு உன்னுதுதான் ஏறப்போகுது தெரியுமா? நர்ஸ் சொல்லுச்சு. நம்ம கூட்டத்துல ஏபி ஒரே ஒருத்தர்தானாம். மருமககிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், இன்னைக்குப் பிரச்சாரம் மாமாவோடதும்மா, நீ ராத்திரி பூரா பேசப்போறேன்னு."

கத்தி காற்றில் நின்றது. "ஒரு போன்" என்றார் பிரச்சாரம். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அட்டையை உருவிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஈரத்துண்டுகளுக்கு நடுவில் நின்று பை எண்ணைப் படித்தார், வேண்டாம் என்றார். அந்தப் பெண் குரல், நல்லதுங்க, ஒரு நிமிஷம் என்றது. பேர் கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று அவருக்கு அழுகை வந்தது. குரல் திரும்பி வந்தபோது அதில் பழைய நிதானம் இல்லை.

"சார், அந்தப் பை வார்டுக்குப் போயிடுச்சு. காரணம் கேக்கமாட்டோம்னு சொல்லியிருக்கோம், ஆனா இப்ப டாக்டர்கிட்ட நான் என்னான்னு சொல்லி நிறுத்தறது? பாதி ஏறியிருந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியணும். சொல்லுங்க."

அவர் சொன்னார். கேக்கலை என்றது குரல், விட்டு விட்டு. பின்பக்கத்தில் எப்போதுமே சிக்னல் சரியாகக் கிடைக்காது. இன்னொரு தடவை சொன்னார். சார், சார், இருக்கீங்களா என்றது. கட்டாகிவிட்டால் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ. பிரச்சாரம் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில்.

"முடி வளர்ற மாத்திரை. நான் முடி வளர்ற மாத்திரை சாப்பிடறேன். கேட்டப்ப இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு கர்ப்பமா இருக்கா. நிறுத்துங்க."

வாழ்க்கையில் எத்தனையோ பிரச்சாரம் பண்ணியிருக்கிறார், இத்தனை சத்தமாக எதையும் சொன்னதில்லை. மறுமுனையில் அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். தையல்காரர் கையில் பேப்பர் அப்படியே நின்றது. நாற்காலியில் போட்டோக்காரர் திரும்பவில்லை. ஒரு கன்னத்தில் நுரையோடு, கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண்ணாடியாக எத்தனை போட்டோக்காரர்கள், எத்தனை பாதி முகங்கள். எந்தப் பக்கம் பார்வையை ஒதுக்கினாலும் அந்தக் கண்கள் அங்கேயும் இருந்தன. நுரை மெதுவாக உலர்ந்து ஓரங்களில் வெடித்தது. குழாயில் மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவது பிரச்சாரத்தின் கண்முன்னால் தெரிந்தது. சாமியைக் கூப்பிடலாம் என்றால் வாயில் எந்தப் பெயரும் வரவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியபடி அந்தப் பெண் சொன்னாள்.

"ஸ்டாண்டுல மாட்டிட்டாங்க சார். ஆனா இன்னும் திறக்கலை. எடுத்தாச்சு. ஒரு சொட்டு ஏறலை."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு?"

"உறைய வெச்சிருந்த வேற பையை உருக்கிக்கிட்டிருக்காங்க. ஸ்டாக் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை யாரோ ஒருத்தர் ஒரு வேன் நிறைய ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "போன் பண்ணதுக்கு நன்றி."

அவர் அதையெல்லாம் அப்படியே போட்டோக்காரரிடம் சொன்னார். ஒரு சொட்டு ஏறலை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். போட்டோக்காரர் கழுத்தில் கட்டிய துணியைத் தானே அவிழ்த்தார், மடித்து நாற்காலிக் கையில் வைத்தார், வலக் கன்னத்து நுரையை உள்ளங்கையால் வழித்தார், எழுந்து போய்விட்டார். இடப்பக்கம் மழமழவென்றும் வலப்பக்கம் காடாகவும் இருந்த அந்த முகத்தோடு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தெருவே பார்த்தது.

தையல்காரர் பேப்பரை மடித்தார். சிரிப்பார் என்று நினைத்தார் பிரச்சாரம். சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரிச்சீங்க. நானாவது சொல்லிட்டு வந்தேன்யா" என்றார் தையல்காரர். அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி முழுக்கக் கேட்டாள். பிறகு, வைட்டமினாச்சே என்று நம்பி நானும் நடுவில் நாலு மாத்திரை எடுத்துச் சாப்பிட்டேன், என் முடி ஒன்றும் வளரக்காணோம் என்றாள். அவர் சிரிக்கப்போய், முடியாமல், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வந்தார்கள்தான், ஆனால் வாசலைப் பார்க்கும்போதெல்லாம் கத்தி கனத்தது. எதிர்த்தெரு ஸ்டுடியோ பூட்டியே கிடந்தது. அவளுக்கு என்ன ஆனது என்று யாரிடம் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது.

திங்கட்கிழமை போட்டோக்காரர் வந்தார். அதே முகம். சிரைத்த பாதியில் முள் முளைத்திருந்தது, சிரைக்காத பாதி தாடியாகவே ஆகியிருந்தது. யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேற கடைக்குப் போனேன். இந்தப் பாதியை யார் விட்டதுன்னு கேட்டான். என்னான்னு சொல்றது? எழுந்து வந்துட்டேன்."

பிரச்சாரம் துணியைக் கட்டினார். மருமகள் எப்படி என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். போட்டோக்காரரே சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பிளாஸ்மா ஏத்தணும், குழந்தைத் துடிப்பு நல்லா இருக்கு, இன்னும் ஆள் வேணும்னு கேக்கறாங்க. சொல்லிவிட்டு, கண்ணாடிக்குள் இருந்த சலூன்காரரைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நான் இங்க வந்து உக்காராம இருந்திருந்தா, போன் பண்ணியிருப்பியா?"

சோப்புப் பிரஷ் கிண்ணத்திலேயே நின்றது. பண்ணியிருப்பேன் என்று சொல்வது எத்தனை சுலபம். மாத்திரை ஒன்றும் இல்லை டாக்டர் என்று சொன்னதும் அத்தனை சுலபமாகத்தான் இருந்தது.

"தெரியலைண்ணே. அதை நினைச்சாத்தான் இப்பவும் பயமா இருக்கு."

போட்டோக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.

"கை நடுங்குது பார். நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் கத்தியை எடு. நான் எங்கயும் போகலை."

நடுக்கம் நிற்க நேரம் ஆனது. முகம் முழுசாகிப் போட்டோக்காரர் எழுந்தபோது, பெஞ்சில் காத்திருந்த புது ஆளை நாற்காலிக்குக் கைகாட்டினார். வாயே திறக்காமல் துணியைக் கட்டுகிற பிரச்சாரத்தை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஆள் வேணும்னு சொன்னேன்ல. எவ்வளவு நேரம் ஊமையா இருப்பே?"

பிரச்சாரம் நுரையைக் கலக்கினார். புது ஆளின் கன்னத்தில் பூசினார். கத்தியைத் துடைத்து, கழுத்தில் வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லலாம். நான் சிரிக்கமாட்டேன்."

பெஞ்சில் இருந்த தையல்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.